ஃப்ரோசா கழுவிய ஏழு ஜாடிகள்

எங்கள் ஊரில் ஃப்ரோசா வருகிறாள் என்பதை மூக்குதான் முதலில் சொல்லும். அப்படியொரு குளோரின் வாடை. கோயிலில் சாம்பிராணி போடும்போது அவள் பக்கத்தில் நின்றால் சாம்பிராணி தோற்றுப்போகும். ஊர்ச் சுகாதார நிலையத்தில் அவள் துப்புரவு வேலை, நான் நர்ஸ். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வட்டார நகரத்திலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான், இருபத்திரண்டு வருடமாக. அவளைப் புகழ்வதற்காக நான் இதை எழுதுவதாக யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு மனசு சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

நானும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் நர்ஸ் படிக்கப் போனேன், அவள் கூட்டுப்பண்ணையின் பால் நிலையத்துக்குப் போனாள். பால் கேன் கழுவுவது அவள் வேலை. ஒரு கோடையில் எங்கள் ஊர்ப் பால் புளித்துப்போய்த் திரும்பி வந்தது. பண்ணைக் கூட்டத்தில் நூற்றைம்பது பேர் முன்னால் அவள் பெயரைப் படித்தார்கள். கேனை ஒழுங்காகக் கழுவாதவள் என்று. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதற்கப்புறம் அவள் கை குளோரினை விடவில்லை. பண்ணை போனது, அந்த நாடே போனது, குளோரின் மட்டும் போகவில்லை. வாசற்படி, கோழிக்கூடு, மர அடி எல்லாவற்றுக்கும் அதுதான். புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பி வராமல் அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். நான் துக்கம் விசாரிக்கப் போனேன். தரையைத் தேய்த்துக்கொண்டே, "விடுடி, வீடு ஒருவழியா சுத்தமாச்சு" என்றாள். அப்புறம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழுதாள். ஒரே மகள் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய வாரம், தலைநகரிலிருந்து டாக்டர் கொரீனா என்ற பெண் வந்தார். சின்ன வயது, வேக நடை. டி.பி. வந்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு புதுப் பரிசோதனை செய்யப்போவதாகச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த டி.பி. பரிசோதனை சளியைத் துப்பச் சொல்வதுதான். இது சிறுநீரில். கிருமி உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும், அது சாகும்போது அதன் டி.என்.ஏ. துண்டுகள் கொஞ்சம் சிறுநீரில் கசிந்து வருமாம். காலையில் முதல் சிறுநீரைக் கொடுத்தால் இயந்திரம் அந்தத் துண்டைத் தேடிப் பிடிக்குமாம். கிருமி சிறுநீரகத்திலேயே குடியேறியிருந்தால் இன்னும் சுலபமாம். இருபது பிளாஸ்டிக் குப்பிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பட்டியலில் இருபது பெயர்.

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஊர் எங்களது. பரிசோதனை இலவசம் என்று தெரிந்ததும் பட்டியலில் இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். மேயரின் மனைவி வந்தாள், "எனக்கும் ஒண்ணு குடு ரயீசா, பக்கத்து வீட்டுக்காரன் இருமுறான்" என்றாள். கடைக்காரன் வந்தான், அவன் மச்சினி வந்தாள். எனக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. நல்லவள் என்று பெயர் எடுப்பதில் எனக்கு அப்படியொரு ஆசை. ஏழு குப்பிகள் இப்படிப் போயின. பட்டியலில் இருந்த ஏழு பேருக்குக் குப்பி இல்லை.

"ஃப்ரோசா, வீட்ல சின்னக் கடுகு ஜாடி இருக்குமில்ல? ஏழு கொண்டா. நல்லா கழுவிக் கொண்டா" என்றேன்.

"யார்கிட்ட சொல்ற? கழுவறதப் பத்தி எங்கிட்டயா?" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் ஏழு ஜாடிகள் வந்தன. கண்ணாடி மின்னியது. அவள் கழுவும் முறை ஊருக்கே தெரியும். குளோரினில் ஊறவைத்துத் தேய்ப்பாள். கடைசி அலசலிலும் ஒரு மூடி குளோரின் விடுவாள். வெறும் தண்ணீரில் அலசினால் கிணற்றுக் கிருமி மறுபடி ஏறிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. நான் ஒரு ஜாடியைத் திறந்து முகர்ந்தேன். மூக்கு எரிந்தது. "பிரமாதம்டி" என்றேன். இதை நான் சொன்னேன், நர்ஸ் படித்தவள்.

அந்த ஏழு ஜாடிகளில் கடைசி ஜாடி தோயினாவுக்குப் போனது. அவளுக்கு முப்பத்து நாலு வயது. டி.பி. வந்து செத்த மாமனாரை ஒரு வருடம் தூக்கிச் சுமந்து பார்த்துக்கொண்டவள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று எல்லோரும் போன பிறகு வந்தாள், அதனால்தான் அவளுக்கு ஜாடி. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே அவளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல். அரை மணிக்கொரு தரம் ஓடுவாள். சாயங்காலமானால் உடம்பு காயும், இடுப்பு வலிக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிணத்தடிக் கல்லு மேல உக்காந்து துணி துவைக்கிற, சிறுநீரகத்துல குளிர் ஏறிடுச்சு" என்று சொன்னேன். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் இதைத்தான் சொல்வாள். மக்காச்சோள முடியைக் காயவைத்துக் கஷாயம் போடச் சொன்னேன். மூன்று தடவை மாத்திரை கொடுத்தேன். நாலு நாள் தேவலை என்பாள், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

வீட்டில் அவளுக்கு வேறொரு தண்டனை. மாமனாரின் டி.பி. அவளுக்கும் ஒட்டியிருக்கும் என்ற பயத்தில் மாமியார் சாவெட்டா அவள் கோப்பையின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள், மற்றவர்கள் தெரியாமல் எடுத்துவிடாதபடிக்கு. எங்கள் பக்கம் விருந்து என்றால் மேசைக்கு ஒரே ஒயின் கிளாஸ்தான். ஒருவர் குடித்ததும் ஊற்றி அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். தோயினாவிடம் வரும்போது அந்தக் கிளாஸ் அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் போகும். அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருப்பாள், பார்க்காத மாதிரி.

பன்னிரண்டு நாளில் முடிவுகள் வந்தன. குப்பிகளில் கொடுத்தவர்களில் இரண்டு பேருக்குக் கிருமி இருந்தது. ஜாடியில் கொடுத்த ஏழு பேருக்கும் ஒன்றுமில்லை. "பாத்தியா, என் ஜாடி ஏழும் சுத்தம்!" என்று ஃப்ரோசா துடைப்பத்தைத் தூக்கிக்காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை கல்லறைத் திருநாள். ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள் ஊரே கல்லறைத் தோட்டத்தில் சாப்பாட்டு விரிப்போடு உட்கார்ந்திருக்கும். நான் நேராக சாவெட்டாவின் புருஷன் படுத்திருக்கும் வரிசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உன் மருமகளுக்கு ஒண்ணுமில்ல. சுத்தம். பேப்பர்ல எழுதியிருக்கு" என்றேன். சாவெட்டா என்னைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கிளாஸில் ஒயின் ஊற்றித் தான் குடித்தாள். மறுபடி ஊற்றி அதே கிளாஸை தோயினாவிடம் நீட்டினாள். அவசரத்தில் குடித்து தோயினாவுக்குப் புரையேறியது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு நான் பெரிய புண்ணியம் செய்தவளைப் போல வீடு திரும்பினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை டாக்டர் கொரீனா வந்தார், செப்டம்பரில் நடக்கும் அடுத்த சுற்றுக்குக் குப்பிகள் கொடுக்க. நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஃப்ரோசா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொரீனா குப்பிகளை எண்ணி வைத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வேற ஊர்ல ஒருத்தங்க குப்பிய குளோரின் போட்டுக் கழுவிட்டாங்க. ஒரு துளி இருந்தாலும் போச்சு. நாம தேடுற டி.என்.ஏ.வ அது தின்னுடும். கிருமி இருந்தாலும் இல்லைன்னு காட்டும்."

வராந்தாவில் துடைப்பம் நின்றது. அது நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளங்காதவள் மாதிரி தலையைக் குனிந்து எழுதினேன்.

கார் கிளம்பியதும் ஃப்ரோசா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"ரயீசா, அந்த ஏழு ஜாடி."

"என்ன ஜாடி?"

"நடிக்காதடி. கார் இன்னும் பாலம் தாண்டியிருக்காது. போன் பண்ணிக் கூப்பிடு. நான்தான் கழுவுனேன், நானே சொல்றேன்."

"சொல்லி? நேத்துதான் அந்தக் கிழவி ஒரே கிளாஸ்ல ஊத்திக் குடுத்திருக்கா. இன்னிக்குப் போய், அது தப்பு, மறுபடி பிடிச்சுக் குடுன்னா தோயினாவ வீட்டுக்குள்ள சேப்பாளா?"

"கிளாஸ் பெருசா, உசுரு பெருசா?"

"கல்லு மேல உக்காந்து வந்த குளிருக்கு யாரும் சாகல. செப்டம்பர்ல எப்படியும் திரும்ப எடுக்கப் போறாங்க. அதுவரைக்கும் வாய மூடிட்டு இரு."

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய் வாளியை எடுத்தாள்.

நான் தோயினாவுக்காகவா அப்படிச் சொன்னேன்? கொஞ்சம் அவளுக்காகவும்தான். ஆனால் மிச்சமெல்லாம் எனக்காக. முப்பத்தொரு வருடம் நர்ஸ். குப்பியைக் கண்டவர்களுக்கும் தானம் பண்ணிவிட்டு நோயாளிக்குக் கடுகு ஜாடி கொடுத்தவள் என்று வட்டாரமெல்லாம் சிரிக்கும். கல்லறையில் ஊர் முன்னால் சத்தம்போட்டுச் சொன்னதை எச்சிலோடு விழுங்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை.

ஃப்ரோசா சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம், "ரயீசா, சொல்லிடலாமா?" என்பாள். நான் முறைப்பேன். ஒருநாள் என்னைக் கேட்காமல் புதுக் குப்பி ஒன்றை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு தோயினா வீட்டுக்கே போய்விட்டாள். திரும்பி வந்து என் முன்னால் குப்பியை வைத்தாள்.

"அவ சுவருக்கு வெள்ளை அடிச்சுட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டா. 'அக்கா, அந்தச் செகப்பு நூல அத்தை அவங்க கையாலயே அறுத்துட்டாங்க'ன்னு கோப்பைய எடுத்துக் காட்டுறா. நான் இந்தக் குப்பிய எப்படிடி வெளிய எடுக்கறது?"

"நல்லவேளை, எடுக்காம விட்ட" என்றேன்.

தோயினாவும் நடுவில் இரண்டு தரம் வந்தாள். "அக்கா, முதுகு விட்டுப்போகுது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது" என்றாள். "பேப்பர்ல சுத்தம்னு இருக்கே. அந்தக் கல்லு மேல உக்காராதேன்னா கேக்கறியா?" என்று அதட்டி அனுப்பினேன். அவள் தப்புச் செய்த பிள்ளையைப் போலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கொரீனா வந்துபோன நாற்பத்தொன்றாம் நாள், தோயினா சூரியகாந்தி வயலில் களை கொத்திக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தாள். ஆம்புலன்ஸ் வட்டாரத்துக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து தலைநகருக்கு. அங்கே சரியான குப்பியில் சிறுநீர் எடுத்தார்கள். மறுநாளே தெரிந்துவிட்டது, கிருமி இருக்கிறது. இடது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சுருங்கி அடைத்துப்போய், மேலே சிறுநீரகம் முழுக்கச் சீழ். அதை எடுத்துவிட்டார்கள். அறுவை செய்தவர் போனில் என்னிடம் சொன்னார்: "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா குழாயத் திறந்து வச்சு மாத்திரையிலயே காப்பாத்திருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்." அந்த 'இருக்கலாம்' எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

போனை வைத்ததும் டாக்டர் கொரீனாவைக் கூப்பிட்டேன். ஏழு ஜாடிகளும் குளோரினில் கழுவியவை என்று சொன்னேன். "இப்பத்தான் எனக்குத் தெரிய வந்துச்சு, டாக்டர்" என்றும் சொன்னேன். நாக்கு கூசாமல் வந்தது அது. ஃப்ரோசா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற ஆறு பேருக்கும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை.

தோயினா ஆகஸ்டில் வீடு திரும்பினாள். "பாக்கப் போலாம் வா" என்று ஃப்ரோசா கூப்பிட்டாள். நான் கோழி சூப் வைத்து எடுத்துக்கொண்டேன். முற்றத்தில் வால்நட் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

ஃப்ரோசா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள். "அந்த ஜாடிய நான் குளோரின்ல கழுவுனேன், தோயினா. அதனாலதான் உனக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு."

"தெரியும்க்கா. டாக்டர் சொன்னாங்க. தெரியாம நடந்தது. சுத்தம்னா உங்களுக்கு உசுரு, அதுக்கு என்ன பண்றது?" என்றாள் தோயினா. சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

அதோடு முடிந்திருக்கலாம். நான் ஃப்ரோசாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"கழுவுனதுதான் தெரியாம. அது தப்புன்னு கல்லறைத் திருநாளுக்கு மறுநாளே எனக்குத் தெரியும்."

தோயினா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப... நான் வயல்ல விழுற வரைக்கும், அந்த நாப்பது நாளும் தெரியுமா?"

"நாப்பத்தொண்ணு. தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லலையா? ரயீசா அக்காகிட்டகூடவா சொல்லல?"

நான் சூப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கை சுட்டது. ஃப்ரோசா என் பக்கம் திரும்பவேயில்லை.

"யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

தோயினா முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போயிருங்க அக்கா. இனிமே இந்த வாசல்ல நிக்காதீங்க."

ஃப்ரோசா போய்விட்டாள். நான் போகவில்லை. தோயினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களாக்கா? நீங்க விட்டிருக்க மாட்டீங்க." நான் "அழாதே, தையல் வலிக்கும்" என்றேன். சூப்பைக் கரண்டியால் ஊட்டிவிட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். வேகமாக நடந்து போய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ஃப்ரோசாவைப் பிடித்தேன். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல். என்ன நியாயமோ!

"ஏண்டி அப்படிச் சொன்ன? யார் கேட்டா உன்னை?"

"இன்னும் எத்தனை மாசம் மாத்திரை?"

"நாலு மாசத்துக்கு மேல. ஏன்?"

"தினம் போய் நின்னு முழுங்க வைக்கணும் இல்ல? நடுவுல விட்டா மருந்துக்கே அடங்காத டி.பி. ஆயிடும்னு நீதானே சொல்லுவ. அந்த வீட்டுக்கு யாரு போவா, நானா? உன் மேலயும் நம்பிக்கை போச்சுன்னா அவ யார் கையால வாங்கி முழுங்குவா? அவளுக்கு இருக்கறது ஒரே ஒரு சிறுநீரகம், ரயீசா. மாத்திரை முடியட்டும். அப்புறம் நீ என்ன செய்யணுமோ செய்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வாரமே வேலையை விட்டாள். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் பாக்கி இருந்தது. ஊர் சும்மா விடுமா? கடையில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். கோயிலில் அவள் நிற்கும் வரிசையில் இடம் காலியாக இருக்கும். "பொண்ணு ஒருத்தி சாகக் கெடந்தா, வாயத் திறந்தாளா பாரு" என்று மேயரின் மனைவி என்னிடமே சொன்னாள். ஒரு குப்பியை வாங்கிக்கொண்டு போனவள் அவள். நான் ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றிக்கொண்டே, "ம்" என்றேன்.

தினமும் காலையில் தோயினா வீட்டுக்குப் போனேன், ஒருநாள் தவறவில்லை. மாத்திரையை என் கையிலிருந்து எடுத்து, தண்ணீர் குடித்து, விழுங்கியதைக் காட்ட வாயைத் திறப்பாள். பனியில் நான் வரத் தாமதமானால் வாசலில் சால்வையோடு காத்திருப்பாள். சாவெட்டாகூட எனக்குச் சூடாகக் களியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒருநாள்கூட ஃப்ரோசா பெயர் அந்த வீட்டில் எழவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாத்திரை முடிந்தது. புதுக் குப்பியில் சிறுநீர் அனுப்பினோம். டாக்டர் கொரீனாவே போன் பண்ணினார். கிருமி இல்லை. இந்தத் தடவை நிஜமாக இல்லை.

ஃப்ரோசா சொன்ன காரணம் தீர்ந்துபோய் இன்றோடு மூன்று வாரம். இரண்டு தரம், சொல்லிவிடுவதென்று தோயினா வீட்டு வேலிப் படலை வரை போனேன். ஒருதரம் நாய் குரைத்தது என்று திரும்பினேன். இன்னொரு தரம் நாய்கூடக் குரைக்கவில்லை.

நேற்று மதியம் தோயினாவே நிலையத்துக்கு வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. தன் கையால் செய்த பூசணிப் பணியாரம், துணி போட்டு மூடி, ஆவி பறக்கக் கொண்டுவந்திருந்தாள்.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்கக்கா. இந்த ஊர்ல நான் நம்பறது உங்க ஒருத்தரத்தான்" என்றாள்.

தட்டை வாங்கிக்கொண்டேன்.